எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

அவசரத்துக்கு ஒரு கை – 14

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கிளினிக் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. குலதெய்வம் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம். ஒன்பது பேருக்கு வாந்தி. ஒரு சின்னப் பையன் அம்மா தோளில் துவண்டு கிடந்தான்.

"வழியில சர்பத் குடிச்சோம் டாக்டரம்மா. அந்த ஐஸ்தான் சேரல" என்றார் குடும்பத்துப் பெரியவர். சர்பத் குடித்தது மூன்று மணிக்கு, முதல் வாந்தி மூன்றரைக்கு. கேட்பவர் யாராக இருந்தாலும் சர்பத்தைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"சர்பத் குடிக்காத யாருக்காவது வாந்தி வந்துச்சா?" என்று கேட்டேன். தோளில் கிடந்த பையனுக்கு வந்திருந்தது. சளி பிடித்திருக்கிறதென்று அவனுக்கு மட்டும் ஐஸ் கொடுக்கவில்லை. வாந்தி எடுத்த ஒன்பது பேரும் சாப்பிட்டிருந்தது, மதியம் ஒன்றரைக்குப் பரிமாறிய பிரிஞ்சி. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளறி, சூட்டோடு அண்டாவில் அழுத்தி மூடி, வேனில் ஏற்றியது. விரதமென்று வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டிருந்த பாட்டி தெம்பாக நின்றார். "புளியோதரை கட்டியிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார்.

பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. அரிசியோடு பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வரும். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. அண்டா நிறைய அடைத்த சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் வித்து முளைக்கும், பெருகும், நஞ்சைக் கக்கும். அப்புறம் அந்தச் சோற்றை எவ்வளவு சூடுபடுத்தினாலும் நஞ்சு அழியாது. புளிப்பு ஏறிய சோற்றில் இந்தக் கிருமிக்கு அவ்வளவு லேசில் வளர வழியில்லை. ஆய்வகத்தில் சோதிக்காமல் பிரிஞ்சிதான் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் காய்ச்சல் இல்லாமல், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில், இத்தனை பேருக்கு ஒன்றாக வாந்தி என்றால் சந்தேகம் அங்கேதான் போகும்.

அதனால்தான் நான் முதலில் நேரத்தைக் கேட்கிறேன். ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், பெரும்பாலும் உணவிலேயே தயாராக இருந்த நஞ்சு. சமைத்தவர் கைப்புண்ணிலிருந்து பால் இனிப்புக்குப் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியும் இப்படித்தான் செய்யும். பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறிய கறிக்குழம்பு ஆறிலிருந்து 24 மணி நேரம் கழித்து வயிற்றை முறுக்கிப் பேதியாகும். வாந்தி அதிகம் இருக்காது. அரைவேக்காட்டுக் கோழியிலும் பச்சை முட்டையிலும் வரும் சால்மோனெல்லா காய்ச்சலோடு வரும். ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது இதை நினைத்துத்தான். ஆகவே, கடைசியாகச் சாப்பிட்ட பண்டத்தோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன செய்தோம்? ஊசி போடச் சொல்லி அவன் அப்பா கெஞ்சினார். நான் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கலக்கி, அவன் அம்மா கையில் ஒரு டீஸ்பூனைக் கொடுத்தேன். நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். டம்ளரோடு கொடுத்தால் மடமடவென்று குடித்து அப்படியே வெளியே தள்ளிவிடுவான். மூன்றாவது ஸ்பூனிலேயே வாந்தி எடுத்தான். "ஒண்ணும் நிக்கலியே டாக்டர்" என்று அம்மா அழுதார். பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். இந்தப் பத்து நிமிஷத்தில்தான் பலரும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளரக் கூடாது.

இந்த ஓ.ஆர்.எஸ். தண்ணீரின் பலத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடல் சுவர் வழியே உப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை அளவு மீறினால் இதே கணக்கு தலைகீழாகி, குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்படும். சோடாவும் டப்பா ஜூஸும் ஓ.ஆர்.எஸ்ஸுக்கு மாற்றாகாது என்று நான் சண்டை போடுவது அதனால்தான். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு அது எப்போதுமே வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், ஸ்பூன் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கண் குழிந்து அழுதாலும் கண்ணீர் வராத குழந்தை, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, நாக்கு குழறினாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை அல்லது சிறுநீரக நோயாளி என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமலே வந்துவிடுங்கள்.

மீதமிருந்த பிரிஞ்சியைக் கொட்டிவிடப் போன பெரியவரைத் தடுத்து, கொஞ்சம் எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டால் சோதிக்க அதுதான் உதவும்.

எட்டே கால் மணிக்கு அந்தப் பையன் தலையைத் தூக்கி, "ஒண்ணுக்கு வருதும்மா" என்றான். போய்விட்டு வந்த பிறகுதான் வேனை எடுக்கச் சொன்னேன்.