எடை குறைப்பு நிலையங்கள்: கொடுக்கும் பணத்திற்குக் கிடைப்பது என்ன?



நாளிதழைப் பிரித்தால் அடுத்தடுத்து அச்சிடப்பட்ட இரண்டு புகைப்படங்கள் நம் கண்ணில் படுகின்றன. ஒன்றில் பருத்த உடலும் வாடிய முகமுமாக ஒரு பெண். மற்றொன்றில் அதே பெண் மெலிந்த தோற்றத்துடன் புன்னகைக்கிறார். இத்தனை மாதங்களில் இத்தனை கிலோ என்று கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் பருத்துவிட்டதே என வருந்தும் தாய், பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிச் சென்ற ஒரு சொல்லால் மனமொடிந்த மகள், சர்க்கரை ஏறிவிட்டது என மருத்துவரால் எச்சரிக்கப்பட்ட தந்தை என ஒவ்வொரு வீட்டிலும் யாரேனும் ஒருவர் அந்த விளம்பரத்தின் முன் சற்று நின்றுவிடுகிறார். வளைகுடாவின் வெயிலில் உழைத்து ஒருவர் அனுப்பிய பணத்திலிருந்து முன்பணம் கட்டப்படுகிறது. அந்தப் பணத்திற்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

இவ்வகைத் திட்டங்கள் பெரும் வணிகமாக வளர்ந்ததும், அவை நீண்ட காலம் முறையாக ஆராயப்பட்டதும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்தான். ஆகவே விடையைத் தேடி முதலில் அங்கே செல்வோம்.

ஓர் இல்லத்தரசியின் கதை

1961ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணியின் எடை ஏறத்தாழ 97 கிலோ. கடையில் சந்தித்த ஒருவர் அவரைக் கர்ப்பிணி என்று எண்ணிப் பிள்ளைப்பேறு எப்போது எனக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி தந்த வேதனையில் அவர் நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடற்பருமன் மருத்துவ மையத்திற்குச் சென்றார். அங்கே ஓர் உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அவரால் பிஸ்கட்டை விட முடியவில்லை. யாரும் அறியாமல் ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார். இதை மையத்தில் சொல்லவும் அவருக்குக் கூச்சம். கடைசியில் தம்மைப் போலவே பருத்திருந்த ஆறு தோழியரை வீட்டிற்கு அழைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்களும் தத்தம் இரகசியங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடுவது வழக்கமாயிற்று. 1962 அக்டோபருக்குள் அவருடைய எடை 64 கிலோவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் வெயிட் வாட்சர்ஸ். 1978இல் ஹெயின்ஸ் உணவு நிறுவனம் அதை 7 கோடி டாலருக்கும் அதிகமான விலை கொடுத்து வாங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உணவுப் பட்டியல் அந்தப் பெண்மணியின் கண்டுபிடிப்பு அன்று. அது அரசு மையத்தில் கிடைத்தது. அவர் சேர்த்தது கூட்டத்தை மட்டுமே. ஒருவர் தம் பலவீனத்தை வெட்கமின்றிச் சொல்லவும், அடுத்த வாரம் எடைக்கருவியின் மீது ஏறி நிற்கும்போது ‘என்ன ஆயிற்று?’ என்று அன்போடு கேட்கவும் சிலர் இருந்தார்கள். உலகெங்கும் பரவிய ஒரு பெருவணிகத்தின் வேர் இதுதான்.

ஆய்வுகள் சொல்வது

2003ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 423 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வெயிட் வாட்சர்ஸ் கூட்டங்களுக்குச் சென்றது. மற்றொரு குழு சிறிதளவு ஆலோசனையும் படிப்பதற்கு ஏடுகளும் பெற்றுக்கொண்டு தாமாகவே முயன்றது. ஓராண்டின் முடிவில் முதல் குழுவினர் சராசரியாக 4.3 கிலோவும், இரண்டாம் குழுவினர் 1.3 கிலோவும் குறைந்திருந்தனர். இரண்டாம் ஆண்டின் முடிவிலோ முதல் குழுவின் இழப்பு 2.9 கிலோவாகச் சுருங்கிவிட்டது. தாமாக முயன்றவர்கள் ஏறக்குறையப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்திருந்தார்கள். கூட்டங்களுக்கு விடாமல் சென்றவர்கள் கூடுதலாக எடை குறைந்திருந்தார்கள் என்பதும் அதில் தெரியவந்தது.

பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் 772 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதையொட்டியே பேசியது. மருத்துவரின் வழக்கமான ஆலோசனையைப் பெற்றவர்கள் ஓராண்டில் 2 கிலோவுக்குச் சற்றே கூடுதலாகக் குறைய, மருத்துவரால் அந்த நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டவர்கள் 5 கிலோ அளவுக்குக் குறைந்தார்கள். அவர்களிலும் ஓராண்டு முழுவதும் ஆய்வில் நிலைத்தவர்கள் 61 விழுக்காட்டினரே. இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் பொருளுதவி செய்தது அதே நிறுவனம்தான் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளட்டும். தன் செலவில் நடந்த ஆய்வில்கூட அந்நிறுவனத்தால் காட்ட முடிந்தது இவ்வளவே!

அமெரிக்காவின் 32 பெரிய வணிகத் திட்டங்களை 2015இல் மருத்துவ அறிஞர்கள் சேர்த்து ஆராய்ந்தபோது, அவற்றுள் 11 மட்டுமே முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டவை எனக் கண்டனர். ஓராண்டு கடந்த நிலையில், எந்தத் திட்டத்திலும் சேராதவர்களைவிட வெயிட் வாட்சர்ஸ் உறுப்பினர்கள் 2.6 விழுக்காடும், ஜென்னி கிரெய்க் உறுப்பினர்கள் 4.9 விழுக்காடும் கூடுதலாக எடை குறைந்திருந்தனர். 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள்: முறையே 2 கிலோ, 4 கிலோ.

அப்படியானால் அந்தப் புகைப்படங்கள் பொய்யா? பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் பேர் சேரும் இடத்தில் இருபது கிலோ குறைந்தவர் ஒருவரேனும் இருப்பார். அவரை மட்டும் மேடையேற்றி மற்றவர்களை மறைத்துவிட்டால் போதும், உண்மையைக் கொண்டே ஏமாற்றிவிடலாம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1993இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் மீது, விளம்பரத்தில் சொல்வதற்கு ஆதாரமில்லை என்று நடவடிக்கை எடுத்ததும் இதனால்தான். மூன்று நிறுவனங்கள் உடனே இணங்கிவிட்டன. வெயிட் வாட்சர்ஸும் ஜென்னி கிரெய்க்கும் வழக்காடி, 1997இல் இணக்கத்திற்கு வந்தன. எடை குறைப்பு பலருக்குத் தற்காலிகமானதே என்ற எச்சரிக்கையை விளம்பரங்களில் சேர்க்கும் கடப்பாடு அப்போது ஏற்பட்டது.

போன எடை ஏன் திரும்புகிறது?

எடை திரும்பிவிட்டால் குடும்பத்தார் என்ன சொல்கிறார்கள்? ‘வாயைக் கட்ட முடியவில்லை’ என்கிறார்கள். இது பெரும் அநீதி. எடை குறைந்ததும் நம் உடல் அதைப் பஞ்சம் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்கு அறிவிக்கும் சுரப்புகள் குறைகின்றன. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுப்பாடு முடிந்து ஓராண்டு ஆன பின்னரும் அந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் கூடுதலாகவே இருந்தது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடை குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேர், போட்டி நடந்த 30 வாரங்களில் சராசரியாக 58 கிலோ குறைந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிச் சென்று அளந்தபோது, அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. எடை மீண்டும் ஏறியும்கூட, ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடல் செலவிட்ட ஆற்றல், அந்த எடையுடைய ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. ஒரு வேளை உணவின் அளவு அது! இதை வெறும் மன உறுதியால் ஆண்டுக்கணக்கில் வென்றுவிட முடியுமா?

ரமளான் மாதத்தை நாமே அனுபவத்தில் அறிவோம். நோன்பாளிகளின் எடையை உலகின் பல பகுதிகளில் அளந்திருக்கிறார்கள். மாத முடிவில் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ குறைகிறது. பெருநாள் கழிந்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. (இஃப்தார் தட்டில் சமோசாவும் வடையும் குவிந்திருக்கும் வீடுகளில் அந்த ஒரு கிலோவும் குறைவதில்லை என்பது வேறு விஷயம்.) எடைக்காக நோன்பு நோற்பவர் யாரும் இல்லை என்றாலும், உடலின் இயல்பு எத்தகையது என்பதற்கு இது நல்ல சான்று.

திரும்பிவரும் வாடிக்கையாளர்

எடை திரும்பி வருவது உறுப்பினருக்கு நட்டம். நிறுவனத்திற்கோ அது இலாபம். வெயிட் வாட்சர்ஸில் நீண்ட காலம் நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவரே 2013இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ஆவணப்படத்தில் இதை ஒப்புக்கொண்டார். எடையைத் தக்கவைக்க முடியாத பெரும்பான்மையினர் மீண்டும் வந்து சேர்வதில்தான் தொழிலே நடக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். தோற்றவர் தம்மைத்தாமே நொந்துகொண்டு மறுபடியும் பணம் கட்டுகிறார். திட்டத்தைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை.

குழந்தைகளையும் இவ்வணிகம் விட்டுவைக்கவில்லை. 2019இல் அதே நிறுவனம் 8 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. உண்ணும் உணவையும் எடையையும் பிள்ளைகளே அதில் பதிந்துகொள்ள வேண்டும். வளரும் வயதில் உணவைக் கண்டு அஞ்சும் நோயை இது உண்டாக்கும் என்று பலர் எதிர்த்தனர். பெற்றோரின் அனுமதியை முறையாகப் பெறாமல் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய குற்றச்சாட்டில் 2022இல் 15 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, திரட்டிய விவரங்களையும் அழிக்க நேர்ந்தது. உங்கள் மகளையோ மகனையோ ‘குண்டு’ என்று கேலி பேசும் உறவினரைக் கண்டிக்கும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பின்னர் ஊசி மருந்துகள் வந்தன. செமாக்ளூடைடு என்ற மருந்தை வாரம் ஒருமுறை செலுத்திக்கொண்டவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறியது. எந்த வணிகத் திட்டமும் எட்டாத அளவு இது. 2023இல் ஜென்னி கிரெய்க் தன் மையங்களை மூடியது. அதே ஆண்டில் அத்தகைய மருந்தை எழுதித் தரும் இணைய மருத்துவ நிறுவனம் ஒன்றை விலைக்கு வாங்கிய வெயிட் வாட்சர்ஸ், 2025 மே மாதம் கடன் சுமையால் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று, சில வாரங்களில் கடனைக் குறைத்துக்கொண்டு மீண்டது. இந்த மருந்து 2025இல் இந்தியாவிலும் எடை குறைப்புக்காக விற்பனைக்கு வந்தது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டிற்குள் திரும்பியது. குமட்டல், வாந்தி போன்ற தொல்லைகளும் உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து இது; அழகு நிலையத்தில் வாங்கும் பொருளன்று.

சிறிய எடை, பெரிய பயன்

‘ஆகவே எதுவும் செய்து பயனில்லை’ என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2002இல் வெளிவந்த ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிடம் உடலுழைப்பும் இலக்காக வைக்கப்பட்டன. அவ்வாறு முயன்றவர்களிடையே நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்ததைவிட இது அதிகம்.

நம் சென்னையின் மருத்துவ அறிஞர் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் சிந்திக்கத் தக்கது. அதே நிலையிலிருந்த 531 இந்தியர்களை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைச் சீராக்கி நடைப்பயிற்சி செய்யும்படி அறிவுறுத்தப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! எடைக்கருவி காட்டும் எண்ணில் மாற்றமில்லாமலேயே உள்ளுறுப்புகள் நலம் பெறுகின்றன. இந்த நன்மையை எந்த நிலையமும் புகைப்படமெடுத்து விளம்பரம் செய்ய முடியாது.

இவ்வளவும் தெரிந்த பின் ஒருவர் பணம் கட்டிச் சேர விரும்பினால் தடுப்பதற்கில்லை. கட்டுவதற்கு முன் அந்த நிலையத்தாரிடம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு வரை நிலைத்தார்கள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் சராசரி எடை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். விற்கும் தூளிலும் மாத்திரையிலும் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதையும் கேளுங்கள். வாரம் ஒருமுறை கூடி எடை பார்த்துப் பேசுவது மட்டுமே அவர்கள் தருவது என்றால், அதைத் தெருவிலுள்ள நான்கு பெண்கள் ஒரு வீட்டில் கூடியும் செய்யலாம். குவீன்ஸில் அப்படித்தான் தொடங்கியது.

சர்க்கரை நோய்க்கு ஏற்கனவே இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மருந்தின் அளவை மாற்றாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். எந்த உணவுத் திட்டத்தைத் தொடங்குவதானாலும் மருந்துச் சீட்டுடன் உங்கள் மருத்துவரை முதலில் பாருங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலேயே இரசீது போடும் நிலையமாக இருந்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.