சின்னஞ்சிறு உடம்பு – 14: உள்ளங்கையில் நிறைய ரேகை

என் மகளுக்கு இரண்டரை வயதானபோது எங்கள் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. இரவு பதினொரு மணிவாக்கில் அந்தச் சத்தம் தொடங்கும். சரக், சரக். கோழி குப்பையைக் கிளறுவது மாதிரி. விளக்கைப் போட்டால், கண்ணைத் திறக்காமலே முழங்கால் மடிப்பைச் சொறிந்துகொண்டிருப்பாள். கையைப் பிடித்துக்கொண்டால் காலோடு காலைத் தேய்ப்பாள். விடிந்தால் தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம். அத்தை கண்ணில் படுவதற்குள் அந்த உறைகளை வாளியில் ஊறப்போட்டுவிடுவேன்.

பட்டால் பேச்சு வரும். "மாசமா இருக்கையில கத்திரிக்காயத்தான விரும்பி விரும்பித் தின்ன. இப்பப் பாரு, பிள்ளை கெடந்து சொறியுது." என் மாமியார் மனசில் விஷம் கிடையாது. என்னோடு சேர்ந்து அவரும்தான் விழித்திருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதற்குப் பெயர் கரப்பான். கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியலும் உண்டு. கத்திரிக்காய், கருவாடு, மக்காச்சோளம் என்று தொடங்கி வீட்டுக்கு வீடு நீளும். எங்கள் வீட்டில் அது முட்டை, மீன், பால், கடலை வரை நீண்டது. ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அரிப்பு நிற்கவில்லை. எடைதான் நின்றது. மூன்றாவது பிறந்தநாளில் பதினொரு கிலோ இருந்தாள்.

நடுவே ஒரு தவறும் செய்தேன். தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். மூன்றே நாளில் தோல் பளிச்சென்று ஆனது. நிறுத்திய நாலாம் நாள் முன்னைவிடச் சிவந்து வந்தது. மறுபடி அதே ட்யூப். இப்படி ஐந்து ட்யூப் போனபிறகுதான் கவனித்தேன், கன்னத்தில் தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு ரத்தக்குழாய்கள் இழை இழையாகத் தெரிந்தன. அந்தக் களிம்பில் கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தன. எதற்கு வந்த அரிப்பு என்று தெரியாமலே எல்லாவற்றுக்குமாகக் கலந்து வைத்த மருந்து. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நானும் அட்டையைப் படித்துப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். தோலைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? முதலில் வருவது அரிப்பா, சிவப்பா? குடும்பத்தில் யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல் உண்டா? முதல் கேள்விக்கு இல்லை என்றேன். இரண்டாவதற்கு, முதலில் அரிக்கும், சொறியச் சொறியத்தான் சிவக்கும் என்றேன். மூன்றாவது கேள்விக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினார்.

அப்புறம் அவர் மகளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறந்த மாதமே அத்தை கவனித்துச் சொன்ன கை அது. "ஏயப்பா, எவ்வளவு ரேகை! கப்பலேறப் போறா எம் பேத்தி." குறுக்கும் நெடுக்குமாக, ஒரு கிழவியின் கைபோல. டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க கையையும் காட்டுங்கம்மா" என்றார். காட்டினேன். அதே ரேகைகள்.

அவர் சொன்னதையும் பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். செத்துத் தட்டையான செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு காரை. அந்தச் செங்கல்லைக் கெட்டியாக்கி, பிறகு தானே சிதைந்து தோலுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் இருக்கிறது, ஃபிலாக்ரின் என்று பெயர். 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் தலைமையிலான குழு, இந்தப் புரதத்துக்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்ஸிமா, அதாவது நம் கரப்பான், வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டுபிடித்தது. அந்தக் குறையின் வெளி அடையாளங்களில் ஒன்றுதான் உள்ளங்கையில் நெருக்கமான ரேகைகள். இந்த மரபணுக் குறை இல்லாமலும் எக்ஸிமா வருகிறது, எல்லாருக்கும் ரேகை இருப்பதில்லை. ஆனால் என் மகளுக்கு இருந்தது. நான் தின்ற கத்திரிக்காயிலிருந்து அவளுக்கு எதுவும் போகவில்லை. என் கையிலிருந்துதான் போயிருக்கிறது. அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது அழுதேன். அது துக்க அழுகை இல்லை.

காரை உதிர்ந்த சுவரில் இரண்டு வேலை நடக்கும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். வெளியிலிருக்கும் சோப்பு, தூசி, வியர்வை உப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழையும். நுழைந்ததை எதிர்த்து உடம்பு கிளர்ந்தெழுவதுதான் அரிப்பு. சொறிந்தால் இன்னும் நாலு செங்கல் பெயரும். அதனால் இன்னும் அரிக்கும். "ரத்தம் கெட்டுப்போச்சு", "உடம்புச் சூடு" என்று நாம் உள்ளே தேடிக்கொண்டிருந்த பிசகு பெரிதும் மேல்தோலில்தான் இருக்கிறது. ஆகவே வைத்தியத்தில் பாதி, தினமும் சுவரைப் பூசுவது. அரிக்கும் நாளில் மட்டும் பூசினால் போதாது, தோல் பட்டாக இருக்கும் நாளிலும் பூச வேண்டும். நான் ஒரு வருஷம் தோற்றது இந்த இடத்தில்தான். தோல் சரியானதும் நிறுத்திவிடுவேன்.

எவ்வளவு பூசுவது என்பதிலும் தோற்றேன். பட்டாணி அளவு எடுத்து உடம்பெல்லாம் தேய்ப்பேன். பரவலாக எக்ஸிமா உள்ள ஒரு குழந்தைக்கு வாரத்துக்குக் குறைந்தது 250 கிராம் மாய்ஸ்சரைசர் வேண்டும் என்கின்றன இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிகள். கால் கிலோ! மளிகைக் கணக்கில் சேர்க்க வேண்டிய சாமான். விலைதான் மலைக்க வைக்கும். ஆனால் விலை அதிகமானது உசத்தி என்று கிடையாது. 2022இல் வெளியான ஆய்வொன்றில் 550 குழந்தைகளுக்கு லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் என நான்கு வகை கொடுத்துப் பார்த்தார்கள். பலனில் வித்தியாசம் தெரியவில்லை. குழந்தை எதைப் பூசவிடுகிறதோ அதுவே நல்ல க்ரீம். வாசனை மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். ரோஜா மணமும் லாவெண்டர் மணமும் இந்தத் தோலுக்கு எரிச்சல்.

குளியல் வெதுவெதுப்பான நீரில், ஐந்திலிருந்து பத்து நிமிஷம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், பூசிவிட வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் பிள்ளை அம்மணமாக வீட்டைச் சுற்றி ஓடும். டப்பாவைக் குளியலறைக்குள்ளேயே வைத்த பிறகுதான் எனக்கு அது கைகூடியது.

தேங்காய் எண்ணெய் கூடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். புண்ணில்லாத தோலுக்குப் பூசலாம். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், காய்ச்சாமல் எடுத்த தூய தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. துபாயிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கிவரும் ஆலிவ் எண்ணெயை மட்டும் அடுக்களைக்கே கொடுத்துவிடுங்கள். அது மேல்தோலின் காரையைக் குலைக்கிறது என்று 2013இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு சொல்கிறது.

பயத்தமாவைப் பற்றிச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது, நான் அதில் வளர்ந்தவள். ஆனால் வெடித்த தோலில் மாவு தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். தேய்ப்பும் வறட்சியும் தோலுக்கு ஆகவில்லை என்பது ஒன்று. இன்னொன்று ஜப்பான் கதை. அங்கே கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச்சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பிறகு கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் தின்று நன்றாக இருந்தவர்கள். வாய்வழி போகும் உணவை உடம்பு சிநேகமாகப் பார்க்கிறது. தோல்வழி நுழைந்தால் எதிரியாகப் பார்க்கக்கூடும்.

இதை வைத்துத்தான் எங்கள் பத்தியப் பட்டியலும் கலைந்தது. 2015இல் லண்டனில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு நிலக்கடலை உணவைக் கொடுத்தும் பாதிப் பேருக்குத் தவிர்த்தும் வளர்த்த ஆய்வின் முடிவு வந்தது. ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வந்தவர்கள் தவிர்த்த கூட்டத்தில்தான் மிக அதிகம். எக்ஸிமா கடுமையாக உள்ள கைக்குழந்தைக்கு இதை வீட்டில் நாமாகச் செய்து பார்க்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நிஜமான உணவு ஒவ்வாமையும் சில குழந்தைகளுக்கு உண்டு. சாப்பிட்ட சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக எழும்பும், வாந்தி வரும். அப்படி ஒன்று நடக்காத பிள்ளையிடமிருந்து முட்டையையும் மீனையும் பறித்ததற்கு நான் இன்றைக்கும் வருந்துகிறேன்.

தண்ணீர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போர்த் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வாங்கக் கடன் கேட்டிருந்தோம். உப்புத் தண்ணீர், அதாவது கடின நீர், உள்ள ஊர்களில் எக்ஸிமா சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து, வீட்டில் மெஷின் மாட்டியவர்களையும் மாட்டாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது நோயின் கடுமையில் வித்தியாசம் இல்லை. கடன் மிச்சம்.

இனி ஸ்டீராய்டு. ஐந்து ட்யூப் அனுபவத்துக்குப் பிறகு டாக்டர் சீட்டில் மறுபடி ஒரு ஸ்டீராய்டு பெயரைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். முகத்துக்கு மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன், கை காலுக்குக் கொஞ்சம் வலுவானது, இத்தனை நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பது என்று எழுதியே கொடுத்தார். இந்த நோய்க்கு அட்டோபிக் டெர்மடைடிஸ் என்று 1933இல் பெயர் வைத்தவர்கள் நியூயார்க் மருத்துவர்கள் ஃப்ரெட் வைஸும் மேரியன் சல்ஸ்பெர்கரும். அந்தச் சல்ஸ்பெர்கரே 1952இல், விக்டர் விட்டனுடன் சேர்ந்து, ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசினால் இது அடங்குகிறது என்று காட்டினார். பெயர் வைத்தபின் பத்தொன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த மருந்து. அதற்கு முன்னால் பிள்ளைகளின் கையைக் கட்டிலில் கட்டிவைத்த காலமெல்லாம் உண்டு. மருந்தின் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குத்தான் போனது. வலு எவ்வளவு, எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்று யாரும் சொல்லாமல் பூசியதுதான் அந்தக் கன்னத்தைக் கெடுத்தது.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். பயந்து பயந்து துளியாகப் பூசினால் நோய் அடங்காது, நாள்தான் இழுக்கும். தோல் தெளிந்தபின்னும் அடிக்கடி வெடிக்கும் மடிப்புகளில் மட்டும் வாரம் இரண்டு நாள் பூசச் சொன்னார். டாக்டர் சொல்லாமல் இதை யாரும் செய்ய வேண்டாம். அரிப்புக்கென்று நாம் கொடுக்கும் சிரப்பைப் பற்றியும் கேட்டேன். இந்த அரிப்பு பெரும்பாலும் அந்தச் சிரப் தடுக்கிற வழியில் வருவதில்லையாம். குழந்தை தூங்குவது மருந்தின் மயக்கத்தால்.

இரவுக்கு நாங்கள் கண்ட வழிகள் சின்னச் சின்னவை. தூங்கும்போது நகம் வெட்டி, ஓரத்தை ராவிவிடுவோம். கம்பளியை எடுத்துவிட்டுப் பழைய வேட்டியைப் போர்த்துவோம். கல்யாணங்களில் பட்டுப்பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்திப் பாவாடை, ஜரிகை தோலில் படாமல். அரித்தால் "சொறியாதே" என்று அதட்டுவதை விட்டுவிட்டு, ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்துவோம். எங்கள் ஊரில் மார்கழி வறட்சியில் ஒருமுறை, கத்திரி வெயில் வியர்வையில் ஒருமுறை என்று கட்டாயம் கிளம்பும். அந்த மாதங்களுக்கு டப்பா முன்கூட்டியே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எல்லா அம்மாக்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். எக்ஸிமா உள்ள பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு, கூட்டங்கூட்டமாக நீர்க்கொப்புளம் எழும்பி, குழி குழியாக உடைந்து வலித்தால் அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஹெர்பஸ் கிருமி அந்த உடைந்த சுவர் வழியாகப் பரவியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பொருக்கும் நீர்வடிதலும் கண்டாலும் தாமதிக்க வேண்டாம்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. நோய் போய்விடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தணியும் என்கிறார்கள். பள்ளிக்குக் கிளம்புமுன் முழங்கால் மடிப்பைத் திருப்பி அத்தையிடம் காட்டுவாள். அத்தை டப்பாவில் கைவிட்டு வெண்ணெய் எடுப்பதுபோல எடுத்துப் பூசுவார். அப்போதும் அந்தக் கையை விரித்துப் பார்த்து, கப்பல் பேச்சைப் பேசிக்கொண்டேதான் பூசுவார்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? போன மாதம் எதிர்வீட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வந்தாள், இதே க்ரீமின் பெயர் கேட்டு. பேசிக்கொண்டே தன் விரலிடுக்கைச் சொறிந்தாள். வீட்டில் தாத்தாவுக்கும் ராத்திரியானால் இடுப்பில் ஊறுகிறதாம். நான் பெயரைச் சொல்லவில்லை, டாக்டரிடம் அனுப்பினேன். அது சொறிப்பூச்சி. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பூச்சியைப் பற்றி 1687இல் இத்தாலிய மருத்துவர் பொனோமோ ஒரு கடிதம் எழுதினார். ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதைக் கவனித்ததில் பிறந்த கடிதம். அந்தத் தாய்மார்களின் ஊசியிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.