ஏடுகள் பேசட்டும் – 8: தோற்ற வழக்கும் சாட்சி சொல்லும்

கோலாலம்பூரின் ஜாலான் டூத்தாவுக்கு இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் என்று பெயர். நீதிமன்ற வளாகமும் தேசிய ஆவணக் காப்பகமும் அந்த ஒரே சாலையில்தான் இருக்கின்றன. ஒன்றில் இன்றைய வழக்குகள் நடக்கின்றன. மற்றதில் 1875 தொடங்கிய சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. தோட்டத்தில் பால் வெட்டிய நம் முன்னோர் நாட்குறிப்பு எழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்கள் பெயரும் ஊரும் கூலியும் வாங்கிய அடியும் எழுத்தில் ஏறியது பெரும்பாலும் ஏதாவது ஒரு வழக்கு வந்தபோதுதான். வழக்கே நடக்காவிட்டால் என்ன ஆகும்?

கிள்ளான் வட்டாரத் தோட்டப் போராட்டத்தைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று 1941இல் எழுந்தார்கள். முன்னின்று நடத்தியவர் தமிழ் நேசன் துணையாசிரியர் ஆர்.எச். நாதன். மே மாதம் அவரைப் பிடித்தார்கள். வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் குறுக்கு விசாரணை நடந்திருக்கும். தொழிலாளி வாயால் சொன்னது பதிவாகியிருக்கும். நமக்கு மிஞ்சியவற்றில் பெரும்பகுதி அதிகாரிகள் மேலதிகாரிகளுக்கு எழுதிய அறிக்கைகள்தான். அவற்றில் பேசுவது ஆள்பவனின் குரல்.

எட்டு ஆண்டுகள் கழித்து எஸ்.ஏ. கணபதிக்கு விசாரணை கிடைத்தது, அவகாசம்தான் கிடைக்கவில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் அவர். அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. 1949 மார்ச்சில் பிடிபட்டார். மார்ச்சிலேயே மரண தண்டனை. கண்டெடுத்த ஆயுதத்தை ஒப்படைக்கக் கொண்டு போனதாக அவர் தரப்பு வாதாடியது. நேரு அரசு கருணை கேட்டும் பயனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறையை இடித்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. ஆனால் வழக்கு நடந்ததால் செய்தி வந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்மயமாக்கிய அக்காலப் பத்திரிகைகளில் வீட்டிலிருந்தே அதைப் படிக்கலாம்.

இனி நம் காலத்து வழக்கு. குகன் ஆனந்தனுக்கு வயது 22. கார் திருட்டுச் சந்தேகத்தில் 2009 ஜனவரி 14 அன்று கைது செய்யப்பட்டார். 20ஆம் தேதி சுபாங் ஜெயா, டைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது செர்டாங் மருத்துவமனையின் சவப் பரிசோதனை. அந்த அறிக்கையோடு கோப்பை மூடியிருந்தால் இன்று அதுதான் வரலாறு. ஆனால் குடும்பத்தினர் பிணவறைக்குள் புகுந்து உடம்பிலிருந்த காயங்களைப் பார்த்துவிட்டார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டுப் பிடிவாதமாக நின்றார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அது நடந்தது. அடிபட்டுத் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று அது சொன்னது.

ஒரே உடல், இரண்டு அறிக்கை. குற்றவியல் வழக்கில் நிறுத்தப்பட்டவரோ ஒரே ஒரு கான்ஸ்டபிள். அதுவும் கொலைக் குற்றமல்ல, கொடுங்காயம் விளைவித்த குற்றம். அதோடு விடாமல் தாயார் இந்திரா உரிமையியல் வழக்குத் தொடுத்தார். பிரதிவாதிகளில் ஒருவர் மகன் இறந்தபோது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவர்; தீர்ப்பு வந்தபோது நாட்டின் போலீஸ் படைத் தலைவர். 2013 ஜூன் 26 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் தாயார் பக்கம் தீர்ப்பளித்து, 8,01,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கினார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாயார் பக்கமே நின்றது. எனக்கு இழப்பீட்டைவிடத் தீர்ப்பின் பக்கங்களே பெரிதாகப் படுகின்றன. மருத்துவர்களும் போலீசாரும் சத்தியம் செய்து சொன்னவை நீதிபதியின் அலசலோடு அதில் கிடக்கின்றன. சட்ட அறிக்கைகளில் அந்தத் தாயின் பெயரிலேயே வழக்கு நிற்கிறது. பின்னால் வந்த தடுப்புக் காவல் மரண வழக்குகளில் வழக்கறிஞர்கள் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

வென்ற வழக்குதான் பயன்படும் என்றும் இல்லை. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், நிராயுதபாணிகளான 24 சீனத் தொழிலாளரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றவர்கள் என்றது அரசு. 1970ஐ ஒட்டி முன்னாள் வீரர்கள் சிலர் கொடுத்த வாக்குமூலம் வேறு கதை சொன்னது. தொண்ணூறுகளில் மலேசியப் போலீசும் சாட்சிகளை விசாரித்தது. இந்தப் பழைய தாள்கள்தாம் லண்டன் வரை போயின. பொது விசாரணை கேட்ட குடும்பத்தினர் 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும், கொல்லப்பட்டோர் குற்றமற்றவர்கள் என்பதையே சான்றுகள் மிகப் பெருமளவில் காட்டுகின்றன என்று நீதிபதி கெர் எழுதினார். ஒழுங்கான விசாரணை நடக்கவில்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது என்றார். அறுபத்தேழு ஆண்டுகளாக அரசு ஒப்பாத ஒன்று அந்நாட்டின் தீர்ப்பு ஏட்டிலேயே ஏறிவிட்டது.

மலேசிய உயர்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகளை நீதித்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். சாட்சியக் குறிப்புகள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. குழந்தைகள், பாலியல் கொடுமைக்கு ஆளானோர் பெயரை மறைப்பது கட்டாயம்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காவலில் நேர்ந்த சாவைப் பற்றிய மரண விசாரணையின் சாட்சியம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அங்கே கேள்விக்கு உள்ளாவது அரசின் கை.

காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு வழி செய்கிறது. குடும்பத்தினர் அதைக் கேளுங்கள். சவப் பரிசோதனை அறிக்கைக்கும் போலீஸ் புகாருக்கும் நகல் வாங்கி வையுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைவீட்டு மாடிகளில் அலுவலகம் நடத்தும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டத்தை விட்டு மக்களை வெளியேற்றிய பழைய வழக்குக் கோப்புகள் உங்கள் அலமாரியில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் கட்சிக்காரரின் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு நகலைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள்.