டயாலிசிஸும் இதயத் துடிப்பும்: வார அட்டவணையில் இருக்கும் ஆபத்து

சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி வாழ்வோரின் இறப்புகளில், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை இதயம் திடீரென நின்றுபோவதாலோ அதன் துடிப்பு ஒழுங்கு குலைவதாலோ நேர்கின்றன என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தியாகும். இரத்தக் குழாய் அடைபட்டு உண்டாகும் மாரடைப்பு இந்த நோயாளிகளையும் தாக்குகிறது என்றாலும், இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தடுமாறுவதே பல இறப்புகளில் முன்னிற்கிறது. அந்தத் தடுமாற்றம் வாரத்தின் எல்லா நாளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பதும், சிகிச்சையின் கால அட்டவணையோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதும் கவனத்துக்குரியவை.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத்தொகுதி, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை எழுப்பும் மின்தூண்டல் கீழறைகள் வரை பரவி, தசையைச் சுருங்கச் செய்கிறது. உயிரணுச் சவ்வின் உள்ளும் புறமும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகிய தாதுக்கள் வெவ்வேறு செறிவில் இருப்பதாலேயே இந்த மின்விசை பிறக்கிறது. உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள் அடங்கியிருக்க, வெளியே இருக்கும் மிகச் சிறிய பகுதி இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்னும் குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. இந்த எல்லையை மீறிப் பொட்டாசியம் உயரும்போது மின்தூண்டல் பரவும் வேகம் குறைந்து, முற்றிய நிலையில் இதயம் நின்றுவிடவும் கூடும். அது அளவுக்கு மேல் தாழ்ந்தாலோ, தூண்டப்படாத இடங்களிலிருந்து மிகைத்துடிப்புகள் எழத் தொடங்குகின்றன.

நலமான சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் செய்யும் பணியை, அமர்வுக்கு 4 மணி நேரமாக வாரம் மூன்று முறை இயங்கும் கருவி 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. டயலைசர் என்னும் வடிகட்டிக்குள் மெல்லிய சவ்வின் ஒருபுறம் நோயாளியின் இரத்தமும் மறுபுறம் தாதுக்கள் கலந்த சுத்திகரிப்புத் திரவமும் ஓட, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பொட்டாசியமும் கழிவுகளும் கடந்து செல்கின்றன. திரவத்தில் பொட்டாசியத்தின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிமோலாக வைக்கப்படுவதால், 6 மில்லிமோலோடு வந்து படுக்கும் ஒருவரின் இரத்தத்தில் அது சில மணி நேரத்துக்குள் சரிந்து, சிகிச்சை முடிந்தபின் உயிரணுக்களிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தால் மீண்டும் ஓரளவு ஏறுகிறது. தாழ்வு, உயர்வு ஆகிய இரண்டு கேடுகளையும் இந்த இதயம் ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது.

நீரை அகற்றுவதிலும் இதே அவசரம் உண்டு. சிறுநீர் அற்றுப்போனவர்களின் உடலில் இரண்டு அமர்வுகளுக்கு இடையே சேரும் நீர் முழுவதும் இரத்தத்தின் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால், அகற்றும் வேகம் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 மணி நேரத்தில் இது 3 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகும். வேகம் மிகும்போது இரத்த அழுத்தம் சரிந்து இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால், தசையின் சில பகுதிகள் தற்காலிகமாகச் செயல் மங்கிப்போவதை எக்கோ பரிசோதனைகள் காட்டியுள்ளன. மீண்டும் மீண்டும் இவ்வாறு மங்கும் தசையில் தழும்பு படிய, மின்னோட்டம் வழிதவறுவதற்கு அத்தழும்பே இடமாகிறது.

சிகிச்சை முடிந்தபின் வரும் களைப்பும் இங்கே பேசப்பட வேண்டியதே. டயாலிசிஸுக்குப்பின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று நோயாளிகளையே கேட்டுத் தொகுக்கப்பட்டு 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் 6 மணி நேரத்துக்கு மேல் என்றும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கினர் 12 மணி நேரத்தையும் தாண்டும் என்றும் விடையளித்தனர். மீட்சி நீளும் நோயாளிகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் மிகுந்திருந்தன என்பதால், மயக்கத்தோடு வீடு திரும்பி மறுநாள் வரை எழ முடியாதிருப்பதை இந்தச் சிகிச்சையின் இயல்பு என்று ஒதுக்கிவிடுவது தவறு.

1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், இரத்தக் குழாயில் நிலையாகப் பொருத்தத்தக்க டெஃப்ளான் குழாயை உருவாக்கியதன் பின்னரே நாள்பட்ட நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து அளிப்பது இயன்றது. வாரம் மூன்று அமர்வு என்னும் வழக்கம் பின்னர் நிலைபெற்றபோது, படுக்கைகளின் எண்ணிக்கையும் பணியாளரின் விடுமுறையும் உடலின் தேவைக்கு ஈடாகவே கணக்கில் வந்தன என்று சொல்லலாம். ஏழு நாளை மூன்றாகப் பங்கிட்டால் ஓர் இடைவெளி நீண்டே தீரும். அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, அந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாள் 100 நோயாளி-ஆண்டுகளுக்கு 22.1 ஆக இருந்த இறப்பு விகிதம் ஏனைய நாள்களில் 18.0 ஆக இருந்ததைக் காட்டியது. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்த மற்றோர் ஆய்வில், 66 நோயாளிகளின் மார்புத் தோலின் அடியில் துடிப்புப் பதிவுக்கருவி பொருத்தி 6 மாதங்கள் கண்காணித்தபோது, மூவரில் இருவருக்குப் பொருட்படுத்த வேண்டிய துடிப்புக் கோளாறு வெளிப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை, எதிர்பார்த்ததற்கு மாறாக, துடிப்பு மிகவும் மந்தமாகும் வகையைச் சேர்ந்தவை.

அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரை முன்னெச்சரிக்கையாகப் பொருத்துவது டயாலிசிஸ் நோயாளிகளின் திடீர் இறப்பைக் குறைக்கவில்லை என்று நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு கண்டதற்கு, துடிப்பு இவ்வாறு மந்தமாவதும் காரணமாக இருக்கலாம். சுத்திகரிப்புத் திரவத்தைச் சற்றுக் குளிர்விப்பதும் பெரிதும் நம்பப்பட்டதாயினும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 84 மையங்களில் சோதிக்கப்பட்டபோது உயிரிழப்பைக் குறைக்காமல் நோயாளிகளுக்குக் குளிரை மட்டுமே கூட்டியது. இத்தகைய ஒற்றை உத்திகளைக் காட்டிலும், அமர்வின் நேரத்தை நீட்டுவது, இடைவெளியைக் குறைப்பது, திரவத்தின் பொட்டாசிய அளவை அவரவர் இரத்தப் பரிசோதனைக்கேற்ப மாற்றுவது ஆகியவையே காரணத்தின் வேரை நெருங்குபவை. இந்தியாவிலோ செலவின் பொருட்டு வாரம் இரண்டு அமர்வோடு நிறுத்திக்கொள்வோர் ஏராளம் என்பதால், நீண்ட இடைவெளியின் ஆபத்து இங்கே மேலும் கூடுகிறது.

அந்த இடைவெளியில் உணவுக்கும் பெரும் பங்குண்டு. உடம்புக்கு நல்லது என்று உறவினர் அன்போடு நீட்டும் இளநீர், வாழைப்பழம், பழச்சாறு ஆகியவை பொட்டாசியம் நிறைந்தவை. கீரையும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே. காய்களைச் சிறிதாக நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கும். சோடியம் குறைந்தது என்று கடைகளில் விற்கப்படும் உப்பு பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், இரத்த அழுத்தத்துக்கு ஏற்றது என்று எண்ணி அதை வாங்குவது டயாலிசிஸ் நோயாளிக்கு உயிர் ஆபத்தாக முடியக்கூடும். படபடப்பு, காரணமறியாத் தலைசுற்றல், கைகால் தளர்ச்சி, நாடித்துடிப்பு வழக்கத்துக்கு மாறாகத் தளர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈசிஜியும் பொட்டாசியப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.