பிரேக் பெடல் அமுங்கினால் எங்கே பார்ப்பது?

பெடல் காலுக்குக் கீழே மெத்தென்று இறங்குகிறது என்றதும் பலரும் போனட்டைத் திறந்து பிரேக் ஆயில் ஊற்றிவிடுகிறார்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் மெல்லக் குறைவது இயல்புதான். சட்டென்று குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. காரணம் பார்க்காமல் ஊற்றி மூடினால் கசிவு தொடரும், நமக்குத்தான் தெரியாது.

எந்தப் பாகத்தையும் கழற்றும் முன், பெடலையே விசாரிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். ஸ்டார்ட் செய்த நொடியில் அது கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம். பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன் பிறகும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகிறதா? வெளியே ஈரம் எதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போயிருக்கிறது. ஆயில் வெளியே சிந்தாமல் உள்ளுக்குள்ளேயே தாண்டிவிடுவதால் மட்டமும் குறையாது. அதனாலேயே பலர் கோட்டைவிடும் பழுது இது.

இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் பெடல் மேலே வருகிறதா? வந்த பிறகும் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மேலே வந்தபின் கெட்டியாக நின்றால் பின் சக்கர டிரம்மில் லைனர் இடைவெளி கூடியிருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தண்ணீரில் நின்றது போல மூழ்கிய வண்டிகளில், டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் லைனர் தேய்ந்தாலும் இடைவெளி தானாகச் சரியாகாது. டிரம்மைக் கழற்றும்போதே வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் வாஷர் முடிந்தது.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிதான். பூந்தமல்லி நெரிசலில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏலகிரியிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும்: ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் சட்டென்று காணாமல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது இதனால்தான். மலையில் கியரைக் குறைத்து இறங்குவதும் இதற்காகத்தான்.

ஏர் எடுக்கும்போது ஒரு கவனம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதித்தால், வாஷர் வழக்கமாகப் போகாத துருப்பகுதியில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனர் இல்லாமல் பல வண்டிகளில் முழுதாக வெளியேறாது.

நம் அம்பத்தூர், ஆவடிப் பகுதியில் பிரேக் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 1962இல் தொடங்கிய, பிரேக் பாகங்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா பக்கத்தில் பாடியில்தான் இருக்கிறது. பாகம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண்செலவு. அதற்குள் உண்மையான பழுதோடு வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெடல் தரையைத் தொடுகிறது என்றால் ஷெட் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை டோ செய்து அனுப்புங்கள்.