பட்டன் ஏன் வேலை செய்யலை? பழைய பிரவுசரும் புதிய ஜாவாஸ்கிரிப்டும்

விண்ணப்பத்தை முழுசா நிரப்பியாச்சு. ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கலை. பிழைச் செய்தியும் இல்லை. “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். ஆனால் பக்கத்துக் கணினியில் அதே பக்கம் ஓடுகிறது என்றால், கோளாறு பிரவுசரில் இருக்கலாம்.

விண்டோஸ் 7 கணினியில் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. பட்டியலை வரிசைப்படுத்தும் ‘டூசார்ட்டட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வந்ததோ 2023 பிப்ரவரியில் வெளியான 110-ல். ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம்தான். அந்த வரிக்கு வந்ததும் நிரல் நின்றுவிடும்.

இந்தச் சிக்கல் இரண்டு வகை.

1. கட்டளை இல்லை: மேலே சொன்னது இந்த வகை. அதே வேலையைச் செய்யும் பழைய பாணி நிரலைக் கூடவே அனுப்பினால் போதும். இதற்கு ‘பாலிஃபில்’ என்று பெயர்.

2. இலக்கணமே புரியாது: 2020 தரநிலையில் வந்த ‘?.’ குறியை ஐபோன் 6-ல் உள்ள சஃபாரி அறியாது. அந்தக் குறி ஒரே இடத்தில் இருந்தாலும் கோப்பு முழுவதும் ஓடாது. இதற்குப் பாலிஃபில் உதவாது. ‘பேபல்’ போன்ற கருவியால் பழைய இலக்கணத்துக்கு மாற்ற வேண்டும்.

பக்கம் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பேபல் மட்டும் போட்டால் இல்லாத கட்டளைகள் தானாக வந்துவிடாது. ‘கோர்-ஜேஎஸ்’ போன்ற தொகுப்பும் வேண்டும்.

• பாலிஃபில் கோப்பை நம் சர்வரிலேயே வையுங்கள். வெளியிலிருந்து வழங்கிவந்த பாலிஃபில்.ஐஓ தளம் கைமாறிய பிறகு, அதன் வழியாகத் தீங்கான நிரல் பரவியது 2024 ஜூனில் தெரியவந்தது.

• ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் சாதாரண எச்டிஎம்எல் படிவமாகவே விண்ணப்பம் போய்ச் சேரும்படி அமையுங்கள். சரிபார்ப்பைச் சர்வரிலும் செய்யுங்கள்.

கவுண்டரில் இருப்பவர்கள் ‘சர்வர் டவுன்’ என்று சொல்வதற்கு முன், வேறொரு கணினியில் ஒரு தடவை திறந்து பாருங்க. அங்கே ஓடினால், குரோம் மெனுவில் ‘உதவி’ பகுதிக்குப் போய்ப் பதிப்பு எண்ணைக் குறித்து, புகாரோடு சேர்த்து அனுப்புங்க. பழைய பிரவுசருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. முடிந்தவரை கணினியையே புதுப்பிப்பதுதான் நல்லது. அதுவரைக்கும், வந்தவரின் வேலை அன்றைக்கே முடிய வேண்டுமே!