குடற்சீதமும் ஒட்டுண்ணிகளும்: ஓர் அறிமுகம்

திறவுச்சொற்கள்: சீதம், மியூசின், கோப்பை வடிவச் செல், சாட்டைப்புழு, கொக்கிப்புழு

‘சீதபேதி’ என்னும் வழக்குச்சொல், கழிவில் தென்படும் சீதத்தைக் கொண்டே நோயைச் சுட்டுகிறது. தமிழகப் பாடநூல்கள் கோழை என வழங்கும் இச்சீதத்தை வெறும் வழுவழுப்பான பூச்சாகக் கருதுவது பொருந்தாது. தொற்றும் ஒட்டுண்ணிக்கேற்ப அதன் பணி மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

சீதத்தைச் சுரப்பவை குடற்சுவரின் கோப்பை வடிவச் செல்கள். நீர் நீங்கலாக அதன் முதன்மைக் கூறு ‘மியூசின் 2’ என்னும் புரதம். அதன் பெரும்பகுதியைச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருப்பதால் செரிமான நொதிகளால் எளிதில் வெட்ட இயலாது.

சீதபேதியை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிடிகா முதலில் இச்சர்க்கரைகளையே பற்றிக்கொண்டு தங்குகிறது. தொற்றுற்றோருள் பெரும்பாலோர்க்கு அறிகுறி தோன்றுவதில்லை. ஆயினும் மியூசினில் சர்க்கரை போர்த்தாத பகுதியும் உண்டு. அமீபாவின் சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதி அவ்விடத்தை வெட்டினால் சீதத்தின் வலைப்பின்னல் குலைந்து, குடற்செல்கள் தாக்குதலுக்கு உள்ளாகின்றன.

புழுக்களின் செய்தி இன்னும் நுட்பமானது. சுண்டெலியைத் தாக்கும் சாட்டைப்புழுவைக் கொண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிகழ்த்திய ஆய்வு 2011இல் வெளியானது. புழுவை வெளியேற்றவல்ல எலிகளின் குடல், இயல்பாக இரைப்பையிலும் மூச்சுப்பாதையிலும் காணப்படும் ‘மியூசின் 5ஏசி’யைச் சுரந்தது. அம்மரபணு நீக்கப்பட்ட எலிகளிலோ நோயெதிர்ப்புச் செல்கள் வலுவாகச் செயற்பட்டும் புழு வெளியேறவில்லை. எதிர்ப்பாற்றல் இருந்தும் கருவி இல்லை என்பதே இதன் பொருள். மேலும், மனித மியூசின் 5ஏசி புழுவின் உயிர்ப்பாற்றலையே நேரடியாகக் குன்றச் செய்தது. அளவைவிட வகையே இங்கு முதன்மை என்பது என் கருத்து. கொக்கிப்புழுவை ஒத்த எலிப்புழுவும் இவ்வெலிகளிலிருந்து தாமதமாகவே வெளியேறியது.

இது தமிழகத்திற்கு நெருங்கிய செய்தி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, டீவார்ம்3 என்னும் பன்னாட்டு ஆய்வின் பகுதியாக, திமிரியிலும் சவ்வாது மலையிலும் மண்வழிப் பரவும் குடற்புழுக்களை ஆராய்ந்தது. அங்கு மிகுதியாகக் காணப்பட்டது கொக்கிப்புழுவே. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு 400 மி.கி. அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. உருளைப்புழுவை நன்கு நீக்கும் இவ்வொற்றை வேளை மருந்து, சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்கிறது. மருந்து குடலிலுள்ள புழுவைக் கொல்லுமேயன்றி, அடுத்த புழுவைத் தடுக்கும் சீதத்தை உண்டாக்காது. வெறுங்காலுடன் அதே மண்ணில் நடக்கும் குழந்தையைக் கொக்கிப்புழு மீண்டும் பற்றுகிறது.